தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு (சிங்கப்பூர்)

தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு (சுருக்கமாக பிஎஸ்எல்இ) என்பது சிங்கப்பூரில் ஆறாண்டுத் தொடக்கக் கல்வியின் முடிவில் மாணவர்கள் எழுதும் நாடு தழுவிய பொதுத் தேர்வு ஆகும். தொடக்கநிலை 6-இல் பயிலும், ஏறத்தாழ 12 வயதுடைய மாணவர்கள் இதனை எழுதுகின்றனர். 1960-ஆம் ஆண்டு முதன்முதலாக நடத்தப்பட்ட இத்தேர்வு அதன்பின் ஆண்டுதோறும் நடைபெற்று வருகிறது. அண்மைய ஆண்டுகளில் ஆண்டொன்றுக்குச் சுமார் 40,000 மாணவர்கள் இத்தேர்வை எழுதுகின்றனர். அவர்களுள் ஏறக்குறைய 98 விழுக்காட்டினர் உயர்நிலைப் பள்ளிக்குச் செல்லத் தகுதி பெறுகின்றனர்.

ஆங்கிலம், கணிதம், அறிவியல், தாய்மொழி ஆகிய நான்கு பாடங்களில் தேர்வு நடத்தப்படுகிறது. தாய்மொழிப் பாடங்களாகச் சீனம், மலாய், தமிழ் ஆகியவை அமைந்துள்ளன. தமிழ் ஒரு பாடமாக நாடு தழுவிய தொடக்கநிலைத் தேர்வில் இடம்பெறும் நாடுகளுள் சிங்கப்பூரும் ஒன்றாகும்.

நோக்கம்

இத்தேர்வுக்கு இரண்டு நோக்கங்கள் கூறப்படுகின்றன. முதலாவது, தொடக்கக் கல்வியில் மாணவர் எந்த அளவுக்குத் தேர்ச்சி பெற்றுள்ளார் என்பதை நாடு முழுவதற்கும் பொதுவான ஓர் அளவுகோலால் மதிப்பிடுவது. இரண்டாவது, அம்மதிப்பீட்டின் அடிப்படையில் மாணவரை உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்புவது.

இவ்விரு நோக்கங்களும் ஒன்றோடொன்று முழுமையாக இணங்குவன அல்ல. மாணவரின் தேர்ச்சியை அறிவதற்கு, அவர் பாடத்தைக் கற்றுள்ளாரா என்று சோதித்தல் போதுமானது. பள்ளிகளில் உள்ள குறைந்த எண்ணிக்கையிலான இடங்களைப் பகிர்ந்தளிப்பதற்கோ மாணவர்களை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டு வரிசைப்படுத்த வேண்டியுள்ளது. தேர்வின் அறுபது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாற்றில் ஏற்பட்ட மாற்றங்களில் பெரும்பாலானவை இவ்விரண்டுக்கும் இடையே சமநிலை காணும் முயற்சிகளாகவே அமைந்துள்ளன.

வரலாறு

தொடக்கம்

1960-க்கு முன்னர் ஆங்கிலப் பள்ளி மாணவர்களுக்கு மட்டும் உயர்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு ஒன்று நடத்தப்பட்டு வந்தது. 1959-இல் சிங்கப்பூர் தன்னாட்சி பெற்றது. அதற்கு அடுத்த ஆண்டு, ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் ஆகிய நான்கு மொழிவழிப் பள்ளிகளுக்கும் பொதுவாகத் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு அறிமுகப்படுத்தப்பட்டது. அக்காலத்தில் தமிழ்வழிப் பள்ளி மாணவர்கள் தேர்வைத் தமிழிலேயே எழுதினர்.

பின்னர் வேலைவாய்ப்பைக் கருதிப் பெற்றோர் ஆங்கிலவழிப் பள்ளிகளை நாடியதால் தமிழ்வழிப் பள்ளிகளின் மாணவர் எண்ணிக்கை படிப்படியாகக் குறைந்தது. தமிழ்வழியில் கற்பித்து வந்த உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982-இல் மூடப்பட்டது. 1987 முதல் அனைத்துப் பள்ளிகளும் ஆங்கிலத்தை முதன்மைப் பயிற்றுமொழியாகக் கொண்டன. அதன்பின் இத்தேர்வில் தமிழ் பயிற்றுமொழி என்னும் நிலையை இழந்து ஒரு பாடமாக மட்டும் நிலைத்தது.

பிரிவுமுறைக் காலம்

1970-களில் பெருமளவிலான மாணவர்கள் கல்வியை இடையில் கைவிட்டனர். பலருக்கு இரண்டு மொழிகளில் ஒன்றுகூட முறையாகக் கைவரவில்லை. இந்நிலையை ஆராய்ந்து அப்போதைய துணைப் பிரதமர் கோ கெங் சுவீ தலைமையிலான குழு 1979-இல் அறிக்கை வெளியிட்டது. கற்கும் வேகம் மாணவருக்கு மாணவர் வேறுபடுவதால் அனைவருக்கும் ஒரே பாடத்திட்டம் பொருந்தாது என்பது அக்குழுவின் கருத்து. இதன் விளைவாக மாணவர்களைத் திறனுக்கேற்பப் பிரிக்கும் முறை நடைமுறைக்கு வந்தது.

தொடக்கத்தில் இப்பிரிப்பு தொடக்கநிலை 3-இன் முடிவில் செய்யப்பட்டது. மெதுவாகக் கற்போருக்குத் தொடக்கக் கல்விக் காலம் 8 ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டது. 1990-களின் தொடக்கத்தில் பிரிப்பு தொடக்கநிலை 4-இன் முடிவுக்கு மாற்றப்பட்டு, இஎம்1, இஎம்2, இஎம்3 என்னும் மூன்று பிரிவுகள் ஏற்படுத்தப்பட்டன. இவற்றுள் இஎம்3 பிரிவில் பயின்ற மாணவர்கள் ஏளனத்துக்கு உள்ளாவதாகப் பரவலான குறை எழுந்தது. இயக்குநர் ஜாக் நியோவின் 2002-ஆம் ஆண்டுத் திரைப்படமான 'ஐ நாட் ஸ்டூப்பிட்' இப்பிரிவில் பயிலும் சிறுவர்களைக் கதைமாந்தராகக் கொண்டது. இஎம்1, இஎம்2 பிரிவுகள் 2004-இல் இணைக்கப்பட்டன. 2008-இல் இஎம்3 பிரிவும் நீக்கப்பட்டது. அதற்கு மாற்றாக, மாணவர் ஒவ்வொரு பாடத்தையும் தம் திறனுக்கேற்பப் பொதுநிலையிலோ அடிப்படைநிலையிலோ பயிலும் முறை வந்தது.

உயர்நிலைப் பள்ளியில் பிரிவுகள் மேலும் பல ஆண்டுகள் நீடித்தன. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் மொத்த மதிப்பெண்ணைக் கொண்டு மாணவர்கள் விரைவுநிலை, வழக்கநிலை (ஏட்டுக்கல்வி), வழக்கநிலை (தொழில்நுட்பம்) என்று பிரிக்கப்பட்டனர். அக்காலத்தில் இத்தேர்வு மாணவர் சேரும் பள்ளியை மட்டுமன்றி, அவர் பயிலும் பாடத்திட்டத்தையும் எழுதக்கூடிய அடுத்த பொதுத் தேர்வையும் தீர்மானித்தது.

அண்மைய மாற்றங்கள்

2012-ஆம் ஆண்டு முதல் நாட்டிலேயே அதிக மதிப்பெண் பெற்ற மாணவர்களின் பெயர்களை வெளியிடும் வழக்கத்தைக் கல்வி அமைச்சு கைவிட்டது. 2013 முதல், அவ்வாண்டின் மிக உயர்ந்த, மிகத் தாழ்ந்த மொத்த மதிப்பெண்களை முடிவுச் சீட்டில் அச்சிடுவதும் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங், மொத்த மதிப்பெண்ணுக்கு மாற்றாக அகன்ற தர வரம்புகள் கொண்டுவரப்படும் என அறிவித்தார். புதிய முறையின் விவரங்கள் 2016-இல் வெளியாயின. 2021-ஆம் ஆண்டுத் தேர்வில் அம்முறை நடைமுறைக்கு வந்தது.

2019 மார்ச் மாதம் அப்போதைய கல்வி அமைச்சர் ஓங் யி காங், உயர்நிலைப் பள்ளிப் பிரிவுமுறை 2024-இல் முடிவுக்கு வரும் என நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அவ்வாறே 2024-இல் உயர்நிலை 1-இல் சேர்ந்த மாணவர்கள் முதல் முழுமையான பாட அடிப்படையிலான வகைப்பாட்டு முறை நடைமுறைக்கு வந்தது.

தேர்வுப் பாடங்கள்

கேள்வித்தாள்களைத் தயாரித்துத் தேர்வை நடத்தும் பொறுப்பு, 2004-இல் அமைக்கப்பட்ட சிங்கப்பூர்த் தேர்வு, மதிப்பீட்டுக் கழகத்தைச் சார்ந்தது. கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் நடத்தப்படுகின்றன. மொழிப் பாடங்களுக்கு எழுத்துத் தேர்வுடன் வாய்மொழித் தேர்வும் கேட்டல் கருத்தறிதல் தேர்வும் உண்டு. வாய்மொழித் தேர்வு ஆகஸ்ட் மாதத்திலும், கேட்டல் தேர்வு செப்டம்பரிலும், எழுத்துத் தேர்வுகள் செப்டம்பர் இறுதியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரையிலும் நடைபெறுவது வழக்கம். முடிவுகள் நவம்பரில் வெளியிடப்படுகின்றன. மாணவர்கள் தத்தம் பள்ளிக்கே சென்று முடிவுச் சீட்டைப் பெற்றுக்கொள்வது மரபாகும்.

தாய்மொழியில் கூடுதல் திறன் உடைய மாணவர்கள் உயர் தாய்மொழிப் பாடத்தையும் எழுதலாம். அதில் பெறும் தகுதி தனியே குறிக்கப்படுகிறது. அது மொத்த மதிப்பில் சேர்க்கப்படுவதில்லை. பார்வை, செவிப்புலன், கற்றல் ஆகியவற்றில் குறைபாடுள்ள மாணவர்களுக்குக் கூடுதல் நேரம், பெரிய எழுத்திலான கேள்வித்தாள் முதலிய ஏற்பாடுகள் செய்து தரப்படுகின்றன.

தமிழ்மொழித் தாள்

தமிழ்த் தேர்வில் கட்டுரை எழுதுதல், மொழிப் பயன்பாடு, கருத்தறிதல் ஆகியவற்றுடன் வாய்விட்டு வாசித்தலும் உரையாடலும் மதிப்பிடப்படுகின்றன. வீட்டில் தமிழ் பேசாத குடும்பங்கள் பெருகியதை அடுத்து, 2005-இல் தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு, நல்ல பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் இடமளிக்கப் பரிந்துரைத்தது. எழுத்துத் தமிழை மட்டுமே கற்பித்தால் மாணவர்கள் அன்றாட வாழ்வில் மொழியைப் பயன்படுத்தாமல் போய்விடுவர் என்பது அப்பரிந்துரையின் அடிப்படையாகும். 2017 முதல் தாய்மொழி வாய்மொழித் தேர்வின் உரையாடல் பகுதிக்குப் படத்துக்குப் பதிலாகக் கணினியில் காட்டப்படும் காணொளி பயன்படுத்தப்படுகிறது. மாணவர் காணொளியைப் பார்த்து, அதனையொட்டித் தேர்வாளருடன் உரையாட வேண்டும்.

இந்திய வம்சாவளி மாணவர்கள் அனைவரும் தமிழை எடுப்பதில்லை. தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாதோர் வங்காளம், குசராத்தி, இந்தி, பஞ்சாபி, உருது ஆகியவற்றுள் ஒன்றைத் தெரிவு செய்ய இயலும்.

பழைய மதிப்பெண் முறை

2020-ஆம் ஆண்டு வரை 'டி-மதிப்பெண்' எனப்பட்ட முறை பின்பற்றப்பட்டது. இது மாணவர் பெற்ற மதிப்பெண்ணை அவ்வாண்டில் தேர்வெழுதிய பிறருடைய மதிப்பெண்களோடு ஒப்பிட்டுக் கணிக்கும் முறையாகும். மாணவரின் மதிப்பெண்ணிலிருந்து அனைவரின் சராசரியைக் கழித்து, கிடைத்ததைத் திட்ட விலக்கத்தால் வகுத்து, 10-ஆல் பெருக்கி, 50-ஐக் கூட்டினால் அப்பாடத்தின் டி-மதிப்பெண் கிடைக்கும். நான்கு பாடங்களின் டி-மதிப்பெண்களைக் கூட்டினால் வருவது மொத்த மதிப்பெண். எல்லாப் பாடங்களிலும் சராசரி மதிப்பெண் பெற்றவரின் மொத்தம் 200 ஆக இருக்கும்.

எடுத்துக்காட்டாக, ஒரு மாணவர் ஒரு பாடத்தில் 75 மதிப்பெண் பெற்றுள்ளார் எனக் கொள்வோம். அவ்வாண்டுச் சராசரி 65, திட்ட விலக்கம் 10 எனில் அவருடைய டி-மதிப்பெண் 60 ஆகும். வேறோர் ஆண்டில் சராசரி 75 எனில், அதே 75 மதிப்பெண்ணுக்கு டி-மதிப்பெண் 50 மட்டுமே. மாணவர் அறிந்துள்ள பாடம் ஒன்றே எனினும் பிறர் எவ்வாறு எழுதினர் என்பதைப் பொறுத்து அவருடைய மதிப்பெண் மாறிவிடுகிறது.

இம்முறைக்குச் சில நன்மைகள் இருந்தன. ஒரு பாடத்தின் கேள்வித்தாள் ஓராண்டில் கடினமாக அமைந்துவிட்டால் அதனால் எவரும் தனியாகப் பாதிக்கப்படுவதில்லை. மாணவர்களை மிக நுணுக்கமாக வரிசைப்படுத்தவும் இயன்றது. ஆனால் மொத்த மதிப்பெண் 200-க்கும் மேற்பட்ட வெவ்வேறு மதிப்புகளைக் கொள்ளக்கூடியதாக இருந்தமையால், ஒரே ஒரு மதிப்பெண் வேறுபாட்டால் விரும்பிய பள்ளியில் இடம் கிடைக்காமல் போகும் நிலை இருந்தது. 12 வயதுச் சிறுவர் இருவரிடையே ஒரு மதிப்பெண் வேறுபாடு கல்வித் திறனில் எந்தப் பொருளும் உடையதன்று என்பதே இம்முறைக்கு எதிராக முன்வைக்கப்பட்ட முதன்மையான வாதமாகும். தம் நண்பர்கள் நன்றாக எழுதினால் தம் மதிப்பெண் குறையும் என்னும் எண்ணத்தை மாணவர்களிடையே அது வளர்ப்பதாகவும் குறை கூறப்பட்டது.

அடைவுநிலை முறை

2021 முதல் ஒவ்வொரு பாடத்திலும் மாணவர் பெறும் மதிப்பெண் எட்டு அடைவுநிலைகளுள் ஒன்றாக மாற்றப்படுகிறது. பிறருடைய மதிப்பெண்கள் இதில் கணக்கிடப்படுவதில்லை. பொதுநிலைப் பாடங்களுக்கான வரம்புகள் பின்வருமாறு:

அடைவுநிலை 1: 90-உம் அதற்கு மேலும்
அடைவுநிலை 2: 85 முதல் 89 வரை
அடைவுநிலை 3: 80 முதல் 84 வரை
அடைவுநிலை 4: 75 முதல் 79 வரை
அடைவுநிலை 5: 65 முதல் 74 வரை
அடைவுநிலை 6: 45 முதல் 64 வரை
அடைவுநிலை 7: 20 முதல் 44 வரை
அடைவுநிலை 8: 20-க்குக் கீழ்

அடிப்படைநிலைப் பாடங்களுக்கு மூன்று தரங்கள் மட்டுமே உண்டு. 75-உம் அதற்கு மேலும் பெற்றால் அது அடைவுநிலை 6-க்கும், 30 முதல் 74 வரை பெற்றால் அடைவுநிலை 7-க்கும், 30-க்குக் கீழ் பெற்றால் அடைவுநிலை 8-க்கும் இணையாகக் கொள்ளப்படுகிறது. தாய்மொழியிலிருந்து விலக்குப் பெற்ற மாணவர்களுக்கு, மற்ற மூன்று பாடங்களில் அவர்கள் பெற்ற தேர்ச்சியைப் பிறரோடு ஒப்பிட்டு, அடைவுநிலை 6 முதல் 8 வரையிலான ஒரு மதிப்பு வழங்கப்படுகிறது.

நான்கு பாடங்களின் அடைவுநிலைகளைக் கூட்டினால் மாணவரின் மொத்த மதிப்புக் கிடைக்கும். ஆங்கிலத்தில் 82, கணிதத்தில் 76, அறிவியலில் 91, தமிழில் 86 மதிப்பெண் பெற்ற மாணவர் முறையே 3, 4, 1, 2 ஆகிய அடைவுநிலைகளைப் பெறுவார். அவருடைய மொத்த மதிப்பு 10 ஆகும். மிகச் சிறந்த மதிப்பு 4, மிகத் தாழ்ந்த மதிப்பு 32. எனவே 29 வெவ்வேறு மதிப்புகளே உள்ளன.

மேல்நிலைகளின் வரம்புகள் 5 மதிப்பெண் அளவுக்குக் குறுகியும், கீழ்நிலைகளின் வரம்புகள் அகன்றும் உள்ளன. தேர்வெழுதுவோரில் ஏறத்தாழ பாதிப்பேர் ஒவ்வொரு பாடத்திலும் 75-க்கு மேல் பெறுவதால், உயர்நிலைப் பள்ளி இடங்களை ஒதுக்குவதற்கு மேல்நிலைகளில் கூடுதல் வேறுபாடு தேவைப்படுவதாகக் கல்வி அமைச்சு விளக்கமளித்தது.

இதனால் ஒரு விளைவு ஏற்படுகிறது. நான்கு பாடங்களிலும் 90 பெற்றவரின் மதிப்பு 4. நான்கிலும் 89 பெற்றவரின் மதிப்பு 8. இருவரிடையே மொத்தம் 4 மதிப்பெண்களே வேறுபாடு. மறுபுறம், நான்கிலும் 64 பெற்றவரும் நான்கிலும் 45 பெற்றவரும் ஒரே மதிப்பாகிய 24-ஐப் பெறுகின்றனர். இவர்களிடையே வேறுபாடு 76 மதிப்பெண்கள். ஆகவே மேல்நிலை மாணவர்களிடையே ஒற்றை மதிப்பெண்ணுக்கான போட்டி வரம்பின் எல்லைகளில் மட்டும் நீடிக்கிறது. இடைநிலை மாணவர்களுக்கு அவ்வழுத்தம் குறைந்துள்ளது. அதே வேளையில், 45-இலிருந்து 64 வரை முன்னேறிய மாணவரின் உழைப்பு மொத்த மதிப்பில் தெரிவதில்லை.

உயர்நிலைப் பள்ளி இட ஒதுக்கீடு

முடிவுகள் வெளியான பின்னர் மாணவர்கள் ஆறு பள்ளிகளைத் தங்கள் விருப்ப வரிசையில் குறிப்பிடுகின்றனர். சிறந்த மதிப்புப் பெற்றவருக்கு முதலில் இடம் ஒதுக்கப்படுகிறது. ஒரே மதிப்புடைய பலர் ஒரு பள்ளியின் கடைசி இடத்துக்குப் போட்டியிட்டால் முதலில் குடியுரிமையும், அடுத்து விருப்ப வரிசையும் கருதப்படுகின்றன. அதன் பின்னரும் சமநிலை நீடித்தால் கணினிக் குலுக்கல் நடத்தப்படுகிறது. விருப்ப வரிசை கணக்கில் கொள்ளப்படுவது 2021-இல் வந்த மாற்றமாகும். பத்தில் ஒன்பது மாணவர்களுக்குக் குலுக்கல் தேவைப்படாது என அமைச்சு முன்கூட்டியே கணித்திருந்தது.

2024-இல் உயர்நிலை 1-இல் சேர்ந்தவர்கள் முதல், பிரிவுகளுக்கு மாற்றாக மூன்று சேர்க்கைக் குழுக்கள் உள்ளன. மொத்த மதிப்பு 4 முதல் 20 வரை பெற்றவர்கள் 3-ஆம் குழுவிலும், 23 அல்லது 24 பெற்றவர்கள் 2-ஆம் குழுவிலும் சேர்க்கப்படுகின்றனர். 26 முதல் 30 வரை பெற்று, ஆங்கிலத்திலும் கணிதத்திலும் அடைவுநிலை 7-ஐயாவது எட்டியவர்கள் 1-ஆம் குழுவில் சேர்க்கப்படுகின்றனர். 21, 22 பெற்றவர்கள் 3, 2 ஆகிய குழுக்களுள் ஒன்றையும், 25 பெற்றவர்கள் 2, 1 ஆகிய குழுக்களுள் ஒன்றையும் தெரிவு செய்யலாம்.

இக்குழுக்கள் பள்ளியில் சேர்வதற்கு மட்டுமே பயன்படுகின்றன. பள்ளியில் சேர்ந்தபின் வெவ்வேறு குழுக்களின் மாணவர்கள் ஒரே வகுப்பில் கலந்து அமர்கின்றனர். பாடங்கள் ஜி1, ஜி2, ஜி3 என்னும் மூன்று நிலைகளில் கற்பிக்கப்படுகின்றன. ஒரு பாடத்தில் மட்டும் சிறந்து விளங்கும் மாணவர் அதனை உயர்ந்த நிலையில் பயில முடியும். எடுத்துக்காட்டாக, மொத்த மதிப்பு 27 பெற்றும் தமிழில் அடைவுநிலை 5 பெற்றவர் தமிழை ஜி3 நிலையில் எடுக்கலாம். இம்மாணவர்கள் 2027-இல் எழுதும் தேர்வு, சாதாரண நிலை, வழக்கநிலைத் தேர்வுகளுக்கு மாற்றாக அமையும் ஒரே உயர்நிலைக் கல்விச் சான்றிதழ்த் தேர்வாகும்.

உயர்நிலைப் பள்ளிக்குத் தகுதி பெறாத மாணவர்கள் தேர்வை மீண்டும் எழுதலாம், அல்லது தொழிற்பயிற்சியுடன் கூடிய கல்வி வழங்கும் நார்த்லைட் பள்ளி (2007), அசம்ப்ஷன் பாத்வே பள்ளி (2009) ஆகியவற்றில் சேரலாம்.

தேர்வு மதிப்பைச் சாராமல் விளையாட்டு, கலை, குறிப்பிட்ட பாடங்கள் ஆகியவற்றில் உள்ள திறனைக் கொண்டு பள்ளியில் சேரும் நேரடிப் பள்ளிச் சேர்க்கைத் திட்டம் 2004 முதல் நடைமுறையில் உள்ளது. இதன்வழி இடம்பெற்ற மாணவரும் தேர்வை எழுதி, அப்பள்ளிக்குரிய குறைந்தபட்சத் தகுதியைப் பெற வேண்டும்.

பள்ளிக்கு வெளியே பயில்வோர்

2003-இல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டத்தின்படி சிங்கப்பூர்க் குடிமக்களாகிய குழந்தைகள் தொடக்கக் கல்வியைத் தேசியப் பள்ளியில் பெற வேண்டும். வீட்டிலிருந்து கல்வி பெறுவோருக்கும் மதரசா மாணவர்களுக்கும் இதிலிருந்து விலக்கு உண்டு. எனினும் அவர்களும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வை எழுதி, வகுக்கப்பட்ட தகுதிநிலையை அடைய வேண்டும். மதரசாக்களுக்கு இவ்விதி 2008 முதல் பொருந்துகிறது. இதனால் இத்தேர்வு மாணவரை மட்டுமன்றிக் கல்வி நிலையத்தையும் அளவிடும் கருவியாக அமைகிறது.

கணிதத் தாள்

ஆண்டுதோறும் பொதுமக்களிடையே மிகுதியாகப் பேசப்படுவது கணிதத் தாளாகும். 2009 முதல் இதன் இரண்டாம் தாளில் கணிப்பான் பயன்படுத்த அனுமதி உண்டு. 1980-களில் உருவாக்கப்பட்ட, அளவுகளைச் செவ்வகக் கட்டங்களாக வரைந்து சிக்கல்களைத் தீர்க்கும் மாதிரிப்பட முறை தொடக்கப்பள்ளிகளில் கற்பிக்கப்படுகிறது. இயற்கணிதம் பயின்ற பெற்றோர் பலர், பிள்ளைகளுக்கு உதவும்பொழுது இம்முறை புரியாமல் இடர்ப்படுவதுண்டு.

2021-ஆம் ஆண்டுத் தாளில் இடம்பெற்ற நாணயக் கணக்கு பெரும் விவாதத்தை எழுப்பியது. அதன் சாரம் வருமாறு: இருவரிடம் ஒரே எண்ணிக்கையில் நாணயங்கள் உள்ளன. முதலாமவரிடம் 64 நாணயங்களும், இரண்டாமவரிடம் 104 நாணயங்களும் 20 காசு நாணயங்கள்; எஞ்சியவை 50 காசு நாணயங்கள். முதலாமவருடைய நாணயங்களின் எடை 1.134 கிலோகிராம். ஒரு 50 காசு நாணயம் ஒரு 20 காசு நாணயத்தைவிட 2.7 கிராம் கூடுதல் எடை உடையது. யாரிடம் எவ்வளவு பணம் கூடுதலாக உள்ளது, இரண்டாமவருடைய நாணயங்களின் எடை எவ்வளவு என்பன கேள்விகள்.

மொத்த நாணயங்களின் எண்ணிக்கை தரப்படவில்லை என்பதால் மாணவர் பலர் திகைத்தனர். ஆனால் விடை காண அவ்வெண்ணிக்கை தேவையில்லை. இரண்டாமவரிடம் 20 காசு நாணயங்கள் 40 கூடுதலாக இருப்பதால், முதலாமவரிடம் 50 காசு நாணயங்கள் 40 கூடுதலாக இருக்க வேண்டும். ஒவ்வொரு நாணயத்துக்கும் வேறுபாடு 30 காசு என்பதால் முதலாமவரிடம் 12 வெள்ளி கூடுதலாக உள்ளது. எடை வேறுபாடு 40 முறை 2.7, அதாவது 108 கிராம். எனவே இரண்டாமவருடைய நாணயங்களின் எடை 1.026 கிலோகிராம்.

இத்தகைய கேள்விகள் நீண்ட கணக்கீட்டைச் சோதிப்பதில்லை. தேவையற்ற தகவலைத் தேடாமல் வேறுபாட்டை மட்டும் நோக்கும் சிந்தனையைச் சோதிக்கின்றன. இதனை வரவேற்போர் மனப்பாடத்தை மட்டும் நம்பிப் படிக்கும் போக்கை இது குறைக்கும் என்கின்றனர். எதிர்ப்போரோ, இவ்வகைக் கேள்விகளுக்குப் பயிற்சி பெறப் பணம் செலவிட முடிந்தவர்களுக்கே இது சாதகமாக அமையும் என்கின்றனர்.

தாய்மொழி மதிப்பு குறித்த 2010 விவாதம்

நான்கு பாடங்களுக்கும் சமமான மதிப்பு வழங்கப்படுகிறது. 2010 ஏப்ரலில் அப்போதைய கல்வி அமைச்சர் இங் எங் ஹென், தாய்மொழிப் பாடத்துக்குரிய மதிப்பைக் குறைப்பது பற்றி ஆராயப்படலாம் எனத் தெரிவித்தார். ஆங்கிலம் பேசும் குடும்பங்களின் பிள்ளைகள் தாய்மொழிப் பாடத்தால் மொத்த மதிப்பெண்ணை இழக்கின்றனர் என்பது இதற்குப் பின்னணியாக இருந்தது.

இதற்குக் கடும் எதிர்ப்புத் தோன்றியது. கையொப்பங்கள் திரட்டப்பட்டன, மே மாதம் ஹோங் லிம் பூங்காவில் கூட்டமும் நடைபெற்றது. தேர்வில் மதிப்புக் குறைந்தால் பெற்றோரும் மாணவரும் அப்பாடத்துக்கு ஒதுக்கும் நேரமும் குறையும், நாளடைவில் மொழியே வழக்கிழக்கும் என்பது எதிர்ப்பாளர்களின் அச்சம். அதே மாதத்தில் தாய்மொழிக்குரிய மதிப்புக் குறைக்கப்படாது என அரசு உறுதியளித்தது. மக்கள்தொகையில் சிறு பகுதியினரே பேசும் தமிழுக்கு இம்முடிவு சிறப்பான முக்கியத்துவம் உடையதாகும். தேர்வில் நான்கில் ஒரு பங்கு மதிப்பு இருப்பது, பள்ளியில் தமிழ் நிலைத்திருப்பதற்கான காரணங்களுள் ஒன்று.

சமூக அமைப்புகளின் பங்கு

தேர்வு முடிவுகளில் இனங்களுக்கிடையே காணப்பட்ட வேறுபாடு, சுய உதவி அமைப்புகள் தோன்றக் காரணமாயிற்று. மலாய்-முஸ்லிம் சமூகத்துக்காக 1982-இல் மெண்டாக்கி அமைக்கப்பட்டது. இந்திய மாணவர்களின் கல்வித் தேர்ச்சி குறித்த கவலையை அடுத்து 1991-இல் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் (சிண்டா) தொடங்கப்பட்டது. இச்சங்கம் குறைந்த கட்டணத்தில் துணைப்பாட வகுப்புகளை நடத்தி வருகிறது. 1992-இல் சீனச் சமூகத்துக்கான மேம்பாட்டு மன்றமும் அமைந்தது.

துணைப்பாட வகுப்புகள்

தனியார் துணைப்பாட வகுப்புகள் சிங்கப்பூர்க் குடும்பங்களின் செலவில் குறிப்பிடத்தக்க இடம் வகிக்கின்றன. அரசின் குடும்பச் செலவின ஆய்வுகளின்படி, இவ்வகுப்புகளுக்காகக் குடும்பங்கள் செலவிட்ட தொகை 2012/13-இல் 110 கோடி வெள்ளியாகவும், 2017/18-இல் 140 கோடி வெள்ளியாகவும், 2023-இல் 180 கோடி வெள்ளியாகவும் இருந்தது. இத்தொகை தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கு மட்டும் உரியதன்று. எனினும் மதிப்பெண் முறை மாறிய பின்னரும் செலவு குறையவில்லை என்பதை இது காட்டுகிறது.

விமர்சனங்களும் விவாதங்களும்

12 வயதில் எழுதப்படும் ஒரே தேர்வு ஒரு குழந்தையின் எதிர்காலத்தில் இத்துணைச் செல்வாக்குப் பெறலாமா என்பது நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வருகிறது. நாடாளுமன்ற உறுப்பினர் டெனிஸ் புவா, இத்தேர்வு இல்லாமல் தொடக்கநிலை 1 முதல் உயர்நிலை 4 வரை தொடர்ந்து பயிலும் பத்தாண்டுப் பள்ளிகளைச் சோதனை முறையில் அமைக்கலாம் என்று பலமுறை வலியுறுத்தியுள்ளார்.

தேர்வை நீக்குவதற்கு எதிரான வாதமும் வலுவானது. பொதுத் தேர்வு இல்லையெனில் புகழ்பெற்ற பள்ளிகளின் இடங்கள் வேறு எவ்வகையிலேனும் பகிர்ந்தளிக்கப்பட வேண்டும். வீட்டின் தொலைவு, பெற்றோரின் பழைய பள்ளித் தொடர்பு, நேர்முகத் தேர்வு ஆகியவற்றுள் எதைக் கொண்டாலும் வசதி படைத்தோருக்கே அது கூடுதல் வாய்ப்பளிக்கும் என்பது தேர்வை ஆதரிப்போரின் கருத்து. வசதி குறைந்த குடும்பத்து மாணவர் பெயரோ முகவரியோ பாராத ஒரு விடைத்தாளின் வழியாக முன்னேற இத்தேர்வு வழிசெய்துள்ளது என்பதை அவர்கள் சுட்டிக்காட்டுகின்றனர்.

அரசு இதுவரை தேர்வை நீக்காமல், அதன் விளைவுகளின் கடுமையைக் குறைக்கும் வழியையே பின்பற்றி வந்துள்ளது. தொடக்கநிலை 1, 2 வகுப்புகளில் மதிப்பெண் தரும் தேர்வுகள் 2019-இல் நீக்கப்பட்டன. அனைத்து வகுப்புகளுக்கும் அரையாண்டுத் தேர்வுகள் 2023-க்குள் நீக்கப்பட்டன. பாட அடிப்படையிலான வகைப்பாட்டினால், ஒரு பாடத்தில் பின்தங்கிய மாணவர் மற்றப் பாடங்களிலும் தாழ்ந்த நிலையில் பயில வேண்டிய கட்டாயம் நீங்கியுள்ளது. மறுபுறம், பள்ளிகளுக்கிடையே பெற்றோர் காணும் வேறுபாடு நீடிக்கும்வரை, மதிப்பு எம்முறையில் கணக்கிடப்பட்டாலும் போட்டி தொடரும் என விமர்சகர்கள் கருதுகின்றனர்.